கப்பலை நம்பி உலை வைத்த காலம்



சிட்னியின் ஹாரிஸ் பார்க்கில் தோசைக்கு வரிசை கட்டும் நம்மில் எத்தனை பேர் அருகிலிருக்கும் ரூஸ் ஸ்ட்ரீட் பக்கம் போயிருப்போம்? 'எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் காட்டேஜ்' என்றொரு பழைய வீடு அங்கே இருக்கிறது. 1789இல் ஆளுநர் ஃபிலிப், தண்டனைக் கைதியாக வந்த ஜேம்ஸ் ரூஸுக்கு அந்த மண்ணைக் கொடுத்து, ஒரு குடும்பம் உழுது பிழைக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தார். அது பர்ரமட்டகல் பழங்குடி மக்களின் நிலம்; அவர்களை யாரும் கேட்கவில்லை. இங்கிலாந்திலிருந்து கப்பல் வந்தால்தான் அன்றைய சிட்னியில் அடுப்பு எரியும். 1791இல் ரூஸ், அரசுக் கிடங்குத் தானியம் இனி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கப்பலை நம்பி உலை வைத்த இன்னொரு நாடு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1965இலும் 66இலும் அடுத்தடுத்து மழை பொய்க்க, 1966இல் மட்டும் இந்தியா ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் இறக்குமதி செய்தது. பெரும்பகுதி அமெரிக்காவின் பி.எல். 480 உணவு உதவித் திட்டக் கோதுமை. அதிபர் ஜான்சன் அதையும் மொத்தமாகத் தராமல், கயிற்றை இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அப்போது டெல்லியில் உணவு அமைச்சர், பொள்ளாச்சி பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரரான சி. சுப்பிரமணியம்.

1954இல் சென்னை மாநில முதல்வர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றவர். அந்தக் காமராஜரே அவரைத் தன் அமைச்சரவையில் வைத்துக்கொண்டார். டெல்லியில் சுப்பிரமணியம் விஞ்ஞானிகள் பக்கம் சாய்ந்தார். எம்.எஸ். சுவாமிநாதனும் போர்லாகும் சொன்ன குட்டை ரகக் கோதுமையை நம்பி, 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வரவழைத்தார். அன்னியச் செலாவணிக்குத் திண்டாடிய நேரம் அது. வேண்டாம் என்றவர்கள் காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே இருந்தார்கள். மனிதர் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது அந்தக் கோதுமையை விதைத்தார்.

விதையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால், அவருடைய பெரிய வேலை விலையில் இருக்கிறது. புது ரகத்துக்கு உரமும் தண்ணீரும் நிறைய வேண்டும். விளைந்தபின் விலை விழுந்துவிட்டால் கடன் வாங்கிய விவசாயி கதி என்ன? விலையைப் பரிந்துரைக்க ஓர் ஆணையமும், கொள்முதல் செய்ய இந்திய உணவுக் கழகமும் 1965 ஜனவரியில் வந்தன. கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்டது தஞ்சாவூரில். 1975இல், அவர் நிதியமைச்சராக இருந்தபோது, கிராம வங்கிகளும் தொடங்கின.

விதையின் பலனை அவர் உணவு அமைச்சராக இருந்து பார்க்கவில்லை. இந்தித் திணிப்பை எதிர்த்து 1965இல் ராஜினாமா கடிதம் கொடுத்தவர்தான், அது ஏற்கப்படவில்லை. ஆனாலும் 1967இல் கோபிச்செட்டிப்பாளையத்து மக்கள் தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டே அதுவரை காணாத கோதுமை விளைச்சல், அதற்காகப் பிரதமர் இந்திரா காந்தி வெளியிட்ட தபால்தலை! அந்தக் கோதுமை விளைந்த பஞ்சாபில் இன்று நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்விட்டதும் இதே கதையின் பகுதிதான். அதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. நீர் இறைக்க இலவச மின்சாரமெல்லாம் பிறகு வந்தது.

ஈழத்து வாசகர்களுக்கு இதெல்லாம் புரியாத சங்கதி அல்ல. 1953இல் அரிசி விலையை ஏற்றப்போய் ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள்.

அறுபதுகளில் ரேஷன் கடை வரிசையில் பையோடு நின்றவர்கள் வென்ட்வர்த்வில்லிலும் டூங்காபியிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அமெரிக்கக் கோதுமையை அரிசிச் சோற்றுக்காரர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? கஞ்சியா, உப்புமாவா, வேண்டா வெறுப்பாகச் சப்பாத்தியா? எழுதி அனுப்புங்கள். கையெழுத்தில் இருந்தாலும் சரி, தட்டச்சு செய்ய நாங்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்