அம்மையென்று அயர வேண்டா

மதராசி கேம்ப் 2025 ஜூன் 1-ஆம் நாள் இடிக்கப்பட்டபின் நரேலாவிலும் பிற பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்களில், ஒரு வழக்கம் இன்னும் விட்டபாடில்லை. காய்ச்சலோடு குழந்தையின் மேனி சிவந்தால், அம்மையென்று வேப்பிலை செருகிக் காத்திருக்கிறோம்.

அங்ஙனம் காத்திருத்தல் கேடாய் முடியும் நோயொன்று உண்டு. ஜப்பானிய மருத்துவர் தொமிசாகு கவாசாகி 1961-இல் முதன்முதல் கண்டு, 1967-இல் 50 குழந்தைகளின் விவரங்களோடு வெளியிட்ட நோய் அது. இரத்தக் குழாய்களில் உண்டாகும் அழற்சியே அதன் மூலம். சண்டீகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் நம் நாட்டுக் குழந்தைகளிடமும் இதனைப் பல்லாண்டுகளாய்க் கண்டு வருகின்றனர்.

நாட்பட்ட காய்ச்சல், பீளையில்லாத கண் சிவப்பு, வெடித்த உதடு, செந்நாக்கு, கைகால் வீக்கம், கழுத்தில் நெறி ஆகியவை குறிகள். கைக்குழந்தையின் புயத்திலுள்ள பி.சி.ஜி. தழும்பு சிவந்து தடிப்பது விசேஷக் குறி. விரல்நுனித் தோல் உரிவதோ இரண்டாம் வாரத்திற்குப் பின்னரே தோன்றும். அதுவரை பொறுத்தல் ஆகாது.

சிகிச்சையின்றேல் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இதய இரத்தக் குழாய் புடைத்துவிடும். 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் அவ்வபாயம் வெகுவாய்க் குறையும்.

ஆகவே தாய்மார்களே, வேப்பிலை இருக்கட்டும். காய்ச்சலின் நாட்களை எண்ணுவோம். ஐந்தாம் நாளுக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காட்டுவோம்; புயத்துத் தழும்பையும் மறவாது காட்டுவோம்.