டிஜிட்டலுக்குள் ஒரு விரல்

டிஜிட்டல் வங்கி, டிஜிட்டல் கற்றல், மைடிஜிட்டல் ஐடி என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்தச் சொல்லைக் கேட்கிறோம்! 2023 டிசம்பரிலிருந்து நம் நாட்டில் இதற்கென்றே தனி அமைச்சு இருக்கிறது. ஆனால், இந்தச் சொல்லின் வேரில் மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. இருப்பது விரல். லத்தீன் மொழியில் 'டிஜிட்டஸ்' என்றால் விரல். கால்விரலும் அதில் அடக்கம்.

விரல் எப்படிக் கணினிக்குள் போனது? மனிதன் விரல்விட்டு எண்ணினான். அதனால், 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களுக்கு ஆங்கிலத்தில் 'டிஜிட்' என்று பெயர் வந்தது. 1942-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்ற கணித அறிஞர், எண்களைக் கொண்டு இயங்கும் கணிப்புக் கருவிகளை 'டிஜிட்டல்' என்று அழைக்கலாம் என்றார். பிறகு கடிகாரம், கேமரா, பணம் என எல்லாவற்றின் முன்னும் அது ஒட்டிக்கொண்டது. மருத்துவத்தில் மட்டும் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. விரலில் ஓடும் நரம்பின் பெயர் 'டிஜிட்டல் நரம்பு'. அதில் மின்கலம் எதுவும் கிடையாது!

இன்னொரு வேடிக்கை. அலுவலகங்களில் "மேனுவலா, டிஜிட்டலா?" என்று கேட்பார்கள். 'மேனுவல்' வந்தது 'மானுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து. அதன் பொருள் கை. ஆக, கேள்வி கையா, விரலா என்பதுதான்.

இது நமக்குப் புதிதல்ல. இஞ்சைத் தமிழில் அங்குலம் என்கிறோம். அது விரலைக் குறிக்கும் 'அங்குலி' என்ற வடசொல்லின் வழி வந்தது. தச்சர்கள் விரற்கடை என்று அளந்தார்கள். சோற்றுக்குத் தண்ணீர் வைக்கும்போது அரிசிக்கு மேல் விரலை ஊன்றி, ஒரு கணு அளவு பார்க்கும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உண்டு. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு, ஒரே கையில் பன்னிரண்டு வரை எண்ணுகிற பெரியவர்களையும் பார்த்திருப்பீர்கள்.

அப்படிப்பட்ட நாம் 'டிஜிட்டல்' என்பதை மொழிபெயர்த்தபோது என்ன செய்தோம்? மலேசியாவில் 'இலக்கவியல்' என்றோம். சிங்கப்பூரில் 'மின்னிலக்கம்'. ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனம் 'எண்ணிம' என்கிறது. தமிழ்நாட்டு நாளிதழ்கள் சிலவற்றில் 'எண்ம'. இடுபணிக்காகத் தமிழில் தகவல் தேடும் மாணவர் ஒரே பொருளை நான்கு சொற்களில் தேட வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால், 'மின்' வேண்டாம். அபாகஸ் மணிச்சட்டத்துக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனாலும் மணி மணியாக எண்ணுவதால் அதுவும் டிஜிட்டல்தான். 'இயல்' அதைவிட மோசம். உயிரியல், இயற்பியல் போல அது ஒரு படிப்பைக் குறிப்பது. 'இலக்கவியல் கட்டணம்' என்றால் ஏதோ ஒரு பாடத்துக்குக் கட்டணம் கட்டுவதுபோல் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டிலேயே 'இட மதிப்பு, இலக்க மதிப்பு' என்று கற்றோமே, அந்த 'இலக்கம்' போதாதா? இலக்க அடையாளம், இலக்க வங்கி. வீட்டு இலக்கம் தெரிந்த எவருக்கும் இது பிடிபடும்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். செய்தியில் 'இலக்கவியல் அடையாளம்' என்று வாசித்தபோது, ஜெஞ்சாரோமில் எங்களோடு இருக்கும் பாட்டி, "இலக்கியத்துக்கு எதுக்குப்பா அடையாளக் கார்டு?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஆனால், அந்த அறிவிப்பு அவரைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பாட்டியின் தலைமுறையில் எழுதத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று கேலி செய்வார்கள். தோட்டத்தில் சம்பளம் வாங்கும்போது பெருவிரலை மையில் தொட்டு வைத்தவர்கள் அவர்கள். 2001-இல் மைகார்ட் அறிமுகமானபோது, அதன் சில்லுக்குள் எல்லாருடைய பெருவிரல் ரேகையும் ஏறியது. இன்று முனைவர் பட்டம் பெற்றவரும் வங்கி முகப்பில் பெருவிரலைத்தான் வைக்கிறார். எல்லாரும் கைநாட்டு ஆகிவிட்டோம்!

இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் கருவி பாட்டியின் விரலைப் படிக்க மறுக்கிறது. பால்மரம் வெட்டி, பாலை உறைய வைக்கும் அமிலத்தில் கைவைத்து, பிறகு செம்பனைப் பழம் பொறுக்கித் தேய்ந்த விரல் அது. போன ஆண்டு ஒரு வங்கியில் ஆறு முறை வைத்துப் பார்த்தார்கள். துடைத்தார்கள், களிம்பு தடவினார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. பாட்டி தன் விரலைத் தானே திட்டிக்கொண்டார்.

முகப்பிலிருந்த பெண் பொறுமையானவர்தான். கடைசியில் ஒரு பாரத்தை எடுத்து, மேனுவலாக முடித்துக் கொடுத்தார். அப்படி ஒரு வழி இருப்பதை முதலிலேயே, பாட்டி படிக்கக்கூடிய தமிழில், ஒரு தாளில் எழுதி அந்தக் கருவியின் பக்கத்தில் ஒட்டியிருக்கலாம்.