பாத்திக் கிழங்கும் பிள்ளைகளின் பங்கும்

இடம்பெயர்ந்த பெற்றோர் இருவர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஊர்ப் பலகாரத்தில் வந்து நிற்கும். ஆடிக்கூழ், பனங்காய்ப் பணியாரம், பினாட்டு, புழுக்கொடியல், எள்ளுப்பாகு என்று ஒருவர் தொடங்க மற்றவர் முடிப்பார். பக்கத்தில் இருக்கும் பிள்ளை சிறிது நேரம் கேட்கும். பிறகு எழுந்து போய்விடும்.

பிள்ளையில் குறை சொல்ல முடியாது. நமக்கு அவை நினைவுகள். பிள்ளைக்கோ அவை வெறும் பெயர்கள். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அந்தப் பண்டங்களின் ருசியைப் பற்றி நாம் மணிக்கணக்காகப் பேசுகிறோம். அவை எப்படி நம் கைக்கு வந்தன என்பதைச் சொல்வதில்லை.

எப்படி வந்தன என்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

ஆடி முதலாம் நாள் கூழ் காய்ச்சுவார்கள். பச்சையரிசி மா, பயறு, தேங்காய்ப்பால், தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி எல்லாம் சேர்ந்த கூழ். கூடவே கொழுக்கட்டை. பலா இலை பறித்து வந்து, கோலி ஈர்க்குக் குத்துவது பிள்ளைகளின் வேலை. இலை கோலத் தெரியாதவனுக்குக் கூழ் ஒழுகிப் போகும். அடுத்த வருடம் அவன் ஒழுங்காகக் கோலுவான். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் இந்த நாளைப் பற்றிச் சிறுவர்களுக்காகவே ஒரு பாட்டுப் பாடி வைத்தார் என்றால், பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய நாளாக இருந்திருக்க வேண்டும்!

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். விடியமுன் எழும்பி ஓடிப் பொறுக்குபவனுக்கே பழம். சுட்ட பனம்பழத்தைச் சூப்பி, முகமெல்லாம் மஞ்சளாகப் பள்ளிக்கூடம் போனவர்கள் நம்மில் பலர். மிச்சப் பழத்தைப் பிசைந்து களி எடுத்துப் பாயில் ஊற்றிக் காயவிட்டால் பினாட்டு. பாய்க்குக் காவல் பிள்ளைகள். காகம் கலைக்கும் சாட்டில் ஓரத்தைக் கிள்ளித் தின்றதை ஆச்சி கண்டும் காணாதவர் போல இருப்பார். அது காவற்கூலி.

பழத்தின் கொட்டைகள் பாத்திக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்து, தை, மாசியில் கிழங்காகும். பாத்தி கிண்டும் நாள் பிள்ளைகளுக்குத் திருவிழா. கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளைப் பூரான். ஊமல் அடுப்புக்கு. கிழங்கை அவித்துக் கிழித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டுடன் கடித்துத் தின்ற சுகத்துக்கு எந்தப் பிஸ்கற்றும் ஈடாகாது. ஒரு பழத்திலிருந்து பணியாரம், பினாட்டு, பூரான், கிழங்கு, விறகு என்று எதுவும் வீண்போகவில்லை.

வன்னிப் பிள்ளைகளுக்கு ஆனி, ஆடியில் பாலைப்பழம். உதட்டில் பால் ஒட்ட ஒட்டத் தின்பார்கள். எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தக் குளத்தில் எப்போது நீர் வற்றும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். தைப்பூசத்தில் புதிர் எடுத்தால் புத்தரிசிச் சோறு. தைப்பொங்கல், வருடப்பிறப்பு, நத்தார் எது வந்தாலும் பயற்றம்பணியாரம். மா இடிப்பதும் அரிப்பதும் பெண்பிள்ளைகளின் தலையில் விழுந்தன என்பதையும் மறைக்கக்கூடாது.

இவை ஒன்றும் பிள்ளைகளுக்குச் சும்மா கிடைத்தவை அல்ல. ஒவ்வொரு பண்டத்துக்கும் பின்னால் ஒரு வேலை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பருவம். பிள்ளை தின்ற பண்டம் அதன் உழைப்பின் பங்கு. அந்தப் பங்கை வாங்கி வாங்கியே மண்ணையும் மழையையும் மரத்தையும் அது படித்துக்கொண்டது. கமக்காரனின் முதற் பள்ளிக்கூடம் அதுதான்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2008, 2009 இல் வன்னியின் ஊர்களிலிருந்தும் சனங்கள் வெளியேறியபோது காணியோடு இந்தப் பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. பனைகள் ஷெல்லில் தலை இழந்தன. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்டன. முகாமில் பிள்ளைக்குச் சாப்பாடு வரிசையில் வந்தது. தின்பண்டம், யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. பசி தீர்ந்திருக்கலாம். ஆனால் தன் கையால் ஒன்றைச் செய்து அதன் பங்கைத் தின்னும் பெருமை பிள்ளைக்கு இல்லாமற் போனது. இன்று முகாம் வாழ்க்கையைக் கண்டிராத பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கம் திரும்பவில்லை. காசு இருந்தால் கடையில் ஒரு பைக்கற், இல்லாவிட்டால் அழுகை.

“அரிசிக்கே வழியில்லை, இதில் பினாட்டைப் பற்றி என்ன பேச்சு?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இவை பணக்காரரின் பண்டங்கள் அல்ல என்பதை மறக்கக்கூடாது. ஒடியற்கூழும் ஒடியற் பிட்டும் பல வீடுகளில் பசி போக்கிய சாப்பாடு. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயும் உரமும் பற்றரியும் வராதபோதும் பனை தந்துகொண்டுதான் இருந்தது. காசில்லாத வீட்டிலும் பிள்ளையைச் சிரிக்க வைத்த பண்டங்கள் இவை.

“அந்தக் காலம் எல்லாருக்கும் இனித்ததா?” என்றும் கேட்கலாம். இல்லை. பனையேறியவரின் பிள்ளைக்கும் வளவுக்காரரின் பிள்ளைக்கும் பங்கு ஒன்றாக இருக்கவில்லை. மற்றவரின் வளவில் பழம் பொறுக்கப் போய் ஏச்சு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பழையதை அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அதில் நல்லதை எடுத்து, எல்லாப் பிள்ளைக்கும் பங்கு கிடைக்கும்படி செய்வோம் என்கிறோம்.

எங்கே தொடங்குவது? பாத்தியிலிருந்து தொடங்கலாம்.

நெல்லுக்கு வயல் வேண்டும். தென்னைக்கு ஆண்டுக்கணக்கான பொறுமை வேண்டும். இந்தக் காணியில் அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாதவர் என்னத்தைப் பயிரிடுவது? மூன்று தசாப்தங்கள் கடந்தும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாத குடும்பங்கள் இன்னும் உள்ளன. அவர்களுக்கு ஏற்றது பாத்தி. கொட்டைக்குக் காசு இல்லை. குடியிருக்கும் வளவின் ஒரு மூலை போதும். வளவுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் சரி. இளகிய மணலை முழங்கால் உயரத்துக்குக் குவித்து, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மெல்லியதாக மண் மூடினால் மிச்சத்தை மாரி மழை பார்த்துக்கொள்ளும். உரம் இல்லை, மருந்து இல்லை. மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு. ஒரு மாரி தங்கினால் போதும், போட்டவர் கையிலேயே பலன் வந்துவிடும்.

கொட்டை பொறுக்குவதையும் அடுக்குவதையும் பிள்ளைகளிடம் விடுங்கள். கிண்டும் நாளில் முதற் பூரானைப் பிள்ளைக்கே வெட்டிக் கொடுங்கள். ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்று வேலையைப் பிரிக்காதீர்கள். உரலடிக்கு மகனையும் கூப்பிடுங்கள். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு வடித்த பிறகுதான் சமைக்க வேண்டும் என்பது போன்ற ஆச்சிமாரின் அறிவு எத்தனையோ உண்டு. அவர்கள் இருக்கும்போதே அதைப் பிள்ளை கேட்டுப் பழகட்டும். கேட்பதை விடப் பக்கத்தில் இருந்து செய்வது மேல்.

மீள்குடியேறிய உறவுகளுக்கு இன்னொரு வார்த்தை. பாத்திக் கொட்டையில் பத்தை ஒதுக்கி எல்லையோரம் ஊன்றுங்கள். பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து வருடம், சிலவேளை அதற்கு மேலும் செல்லும். இன்று ஊன்றும் பிள்ளை தன் பிள்ளைக்கு அதில் நுங்கு வெட்டிக் கொடுக்கும். சங்கங்களிலும் மாதர் கூட்டங்களிலும் வீட்டுத்திட்டம், கிணறு, கடன் பற்றிப் பேசும்போது இதையும் ஒரு விடயமாக எடுங்கள். ஒரு குடியிருப்பில் பத்துக் குடும்பம் சேர்ந்தால் பத்துப் பாத்தி. ஆடிப்பிறப்புக்கு ஒரு பெரிய பானையில் எல்லாருக்குமாகக் கூழ் காய்ச்சலாம்.

நாம் இழந்ததைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளையை வளர்த்தால், தான் நிற்கும் இடம் உண்மையான இடம் அல்ல என்றே அது எண்ணும். வாழ்க்கை வேறெங்கோ, எப்போதோ இருந்தது என்று நினைக்கும். அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம். இந்தப் புரட்டாசிக்குள் ஒரு கடகம் பனங்கொட்டை சேர்க்கச் சொல்லுங்கள். தை பிறந்ததும் அதன் கிழங்கை அதன் கையாலேயே கிண்டட்டும். பிறகு ஊர்க் கதை சொல்லுங்கள். எழுந்து போகாமல் கேட்கும்.