சேவலுக்கு மார்க் போட்ட பேப்பர் எங்கே?

பொங்கலை ஒட்டி திண்டுக்கல் பக்கம் நடக்கும் கிளிமூக்கு விசிறிவால் சேவல் கண்காட்சி பற்றி டிவியில் வரும் செய்தி எல்லாம் ஒரே மாதிரிதான். வளைந்த மூக்கு, நீண்ட வால், லட்சக்கணக்கில் விலை, பரிசு வாங்கியவரின் சிரிப்பு... முடிந்தது. அந்தச் சேவலுக்கு ஏன் முதல் பரிசு, பக்கத்துக் கூண்டுச் சேவலுக்கு ஏன் இல்லை? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

சேவல் சண்டையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எது நின்றது, எது ஓடியது என்று சுற்றி நின்றவர்களுக்கே தெரியும். ஆனால் சண்டைக்கு விடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்குள் நின்று சேவலுக்குப் பேர் கிடைக்கும் இடம் கண்காட்சிதான். அங்கே ஜெயிக்க வைப்பது நடுவரின் கண். அந்தக் கண் பார்த்தது பேப்பரில் ஏறாவிட்டால் அது தீர்ப்பா, வெறும் அபிப்பிராயமா?

இது கோப்பையோடு முடிகிற விஷயமும் இல்லை. பரிசு வாங்கிய சேவலின் குஞ்சுக்கு ஒரு விலை, வாங்காததன் குஞ்சுக்கு வேறு விலை. வருஷம் முழுக்க தீனி போட்டு வளர்த்தவர் காரணமே தெரியாமல் வீடு திரும்பினால், அடுத்த வருஷம் எதைத் திருத்துவார்?

வெளிநாட்டில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1845-ல் கோழிக் கண்காட்சி நடந்தது. 1865-க்குள் எந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் புத்தகமே போட்டார்கள். அமெரிக்காவில் 1873-ல் சங்கம், 1874-ல் புத்தகம். அங்கே நடுவர் பக்கத்தில் ஒரு கிளார்க் நிற்பார். நடுவர் சொல்லச் சொல்ல எழுதுவதும், எந்தக் கூண்டும் விட்டுப்போகாமல் பார்ப்பதும் அவர் வேலை. நடுவராக ஆசைப்படுகிறவர் முதலில் இப்படி கிளார்க்காக நின்று பழகி, பரீட்சை எழுதித்தான் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

"கூண்டுக்கு நம்பர் ஒட்டினால் போதாதா?" போதாது. இது சின்ன வட்டாரம். மயில், கீரி, காகம் என்று நிறத்தைப் பார்த்ததுமே யார் வீட்டுச் சேவல் என்று தெரிந்துவிடும். கடையில் பணம் வாங்குகிறவரே கணக்கும் எழுதக்கூடாது என்பது காமர்ஸின் பாலபாடம். யாரையும் திருடன் என்று சொல்வதற்காக வைத்த விதி இல்லை அது. நல்லவர் மேல் பழி விழாமல் காக்கவும் அதுதான் உதவுகிறது.

எனவே கேட்பது இவ்வளவுதான். மூக்கு, கொண்டை, கழுத்து, வால், கால் என்று எதற்கு எத்தனை மார்க் என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள். மூன்று நடுவர்கள், தனித்தனித் தாள். சொந்தக்காரர் சேவல் வந்தால் அந்த நடுவர் ஒதுங்கட்டும். கூட்டிப் போட வெளியூர் கிளார்க் ஒருவர். கடைசியில் தாளைக் கூண்டிலேயே ஒட்டுங்கள்.

"அனுபவஸ்தர் கண்ணுக்கு மார்க் எதற்கு?" என்பார்கள். அனுபவம் உள்ளவருக்கு எழுதுவதில் என்ன கஷ்டம்? எழுதாமல் போனால் அந்த அனுபவம் அவரோடு போய்விடும். பக்கத்தில் நின்று எழுதுகிற பையன்தான் நாளைய நடுவர்.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து ஒருவர் சேவலோடு திண்டுக்கல் போனால், பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. வாலுக்கு எட்டு, காலுக்கு நாலு என்று எழுதிய தாளாவது கையில் இருக்கட்டும்.