பொய் சொன்ன கருவி! விமானத்தை வீழ்த்தியது ஒரு குளவியா?

பறக்கும் விமானத்துக்கு வேகம்தான் உயிர். வேகம் குறைந்தால் இறக்கைகள் அதைத் தாங்க மாட்டா. விமானம் விழுந்துவிடும். வேகம் மிஞ்சினாலும் ஆபத்து.

இந்த வேகத்தை அளக்க, விமானத்தின் மூக்குப் பக்கத்தில் சிறு குழாய்கள் உண்டு. இவற்றுக்குப் "பிட்டோ குழாய்" என்று பெயர். 1732-ம் ஆண்டு, ஆற்று நீரின் வேகத்தை அளக்க, பிரான்ஸ் நாட்டு என்ஜினீயர் பிட்டோ கண்டுபிடித்தது இது. எதிர்க்காற்று குழாய்க்குள் புகுந்து அழுத்தும். அந்த அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டு, வேகமானி வேகத்தைக் காட்டும்.

குழாய் அடைத்துக்கொண்டால்? வேகமானி பொய் சொல்லும்!

189 பேர் பலி

1996 பிப்ரவரி 6-ந் தேதி இரவு. டொமினிக்கன் குடியரசில் உள்ள புவர்ட்டோ பிளாட்டாவில் இருந்து, ஜெர்மனி செல்ல ஒரு "போயிங் 757" விமானம் கிளம்பியது. பல நாட்கள் பறக்காமல் நின்ற விமானம் அது. குழாய்களுக்கு உறை போடவில்லை. உள்ளே குளவி கூடு கட்டி இருக்கலாம் என்று பின்னர் விசாரணையில் கருதப்பட்டது.

ஓடுபாதையிலேயே தலைமை விமானியின் வேகமானி வேலை செய்யவில்லை. மேலே போனதும் வேலை செய்வதுபோல் தோன்றியது. அதுதான் வினை!

உயரப் போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். ஆனால் குழாய்க்குள் சிக்கிய காற்றின் அழுத்தம் குறையவில்லை. அதனால் வேகமானி இல்லாத வேகத்தைக் காட்டியது. அதை நம்பிய தானியங்கிக் கருவி, விமானத்தின் மூக்கைத் தூக்கியது, வேகத்தைக் குறைத்தது.

"வேகம் அதிகம்" என்று ஒரு எச்சரிக்கை. "விமானம் விழப் போகிறது" என்று மற்றொரு எச்சரிக்கை. விமானிகள் குழம்பினர். துணை விமானியின் வேகமானி சரியாக இருந்தும் பயன் இல்லை. கிளம்பிய 5 நிமிடத்தில் விமானம் கடலில் விழுந்தது. 189 பேரும் மாண்டனர்.

கழற்ற மறந்த உறை

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் விமான நிலையத்திலும் குளவித் தொல்லை உண்டு. அதனால் அங்கு நிற்கும் விமானங்களின் குழாய்களுக்கு உறை மாட்டுவது வழக்கம். 2018 ஜூலை 18-ந் தேதி இரவு, உறைகளைக் கழற்றாமலே ஒரு "ஏர்பஸ்" விமானம் கிளம்பிவிட்டது!

ஆனால் இங்கே வேகமானி பொய் சொல்லவில்லை. பழுது என்று சிவப்பு அடையாளம் காட்டியது. விமானிகள் அதை விட்டுவிட்டு, மாற்று வழிகளைக் கையாண்டு, பிரிஸ்பேனிலேயே பத்திரமாக இறங்கினர்.

உறை போடாததால் ஒரு விபத்து; உறையைக் கழற்றாததால் ஒரு கண்டம். வேலை செய்யாத கருவியை விட, பொய் சொல்லும் கருவியே கொடியது!