எதிரே நிற்பவன் யார்? கீழே தோண்டுபவன் யார்?



திருத்தங்கல் கடைவீதியில், தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து ஏடு படித்துக்கொண்டிருந்த பட்டாசுத் தொழிலாளத் தோழர் ஒருவர், மடித்த தாள் ஒன்றை என் கையில் கொடுத்தார். அவர் வேலை பார்க்கும் ஆலையிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம்.

"அண்ணே, சப்போர்ட் என்றால் ஆதரவு. அது எனக்கும் தெரியும். ஆதரவுக்கு நேர் எதிரான இங்கிலீஷ் சொல் எது? இதிலே எந்தச் சொல்லாலே என்னை அடித்திருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

படித்தேன். மருந்து செலுத்தும் அறை அது. நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது என்று உரிமம் சொல்கிறது. ஐந்தாவது ஆளாக உள்ளே போய் உட்காரச் சொன்னார்கள். முடியாது என்று மேற்பார்வையாளரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வாசலில் நின்றுவிட்டார் நம் தோழர். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்! அதற்குக் கடிதம் சூட்டிய பெயர், 'சபோட்டாஜ்'. அதாவது, நாசவேலை!

சொல்லிலேதான் சூது இருக்கிறது, தோழர்களே. ஆகவே சொல்லைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போம்.

'சப்போர்ட்' என்பது லத்தீனில் வேர்விட்ட சொல். கீழிருந்து தாங்குதல் என்பது அதன் அடிப்பொருள். கூரையைத் தூண் தாங்குவதுபோல! 'அப்போஸ்' என்பதும் லத்தீன் வழி வந்ததே. எதிரே வைத்தல், எதிரே நிறுத்துதல் என்பது அதன் கருத்து. 'அண்டர்மைன்' என்றால் அடியிலே சுரங்கம் தோண்டுதல். பழங்காலப் போர்களில் கோட்டை மதிலின் அடியைத் தோண்டி மதிலைச் சாய்ப்பார்கள்; அந்த வேலையின் பெயர் அது. நம் தமிழன் இதைக் குழிபறித்தல் என்று எப்போதோ சொல்லிவிட்டான்.

இப்போது பாருங்கள். தாங்குகிறவனும் கீழே இருக்கிறான். குழி பறிக்கிறவனும் கீழேதான் இருக்கிறான். எதிர்க்கிறவன் மட்டும் எதிரே நிற்கிறான். அவன் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது. அப்படியானால் ஆதரவின் உண்மையான பகை எது? எதிர்ப்பா? குழிபறிப்பா? தூண் இருக்கவேண்டிய இடத்தில் கடப்பாரையோடு இருக்கிறானே, அவனல்லவா பகைவன்!

இன்னொரு சொல் 'பாய்காட்'. இது ஓர் ஆளின் பெயர்! அயர்லாந்து நாட்டில் எர்ன் பிரபுவின் நிலங்களை மேற்பார்த்தவர் கேப்டன் பாய்காட். 1880-இல் குத்தகையைக் குறைக்கச் சொல்லிக் குடியானவர்கள் கேட்டார்கள். அவர் மறுத்தார், வெளியேற்றவும் துணிந்தார். மக்கள் கத்தி எடுக்கவில்லை. அவருக்கு உழுவாரில்லை, அறுப்பாரில்லை, கடையில் சாமான் கொடுப்பாரில்லை! வெளியூரிலிருந்து 50 பேரைக் கொண்டுவந்து, பட்டாளத்தைக் காவல் வைத்து அறுவடை செய்தார்கள். பயிரின் மதிப்பு சில நூறு பவுன். காவலுக்கான செலவோ 10,000 பவுன் என்று கணக்கிட்டார்கள். அந்தப் பெயரே அகராதியில் ஏறிற்று. நம் ஏடுகள் பகிஷ்காரம் என்று எழுதின. இன்று புறக்கணிப்பு என்கிறோம்.

நம் பக்கத்து மண்ணிலும் அது நடந்தது. 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சி.யின் பின்னே ஊரே திரண்டது. எதிர்த்துப் பேசியவருக்குப் பாதிச் சவரத்தோடு எழுந்து போன சவரத் தொழிலாளியின் கதையை அந்த ஊர் இன்றும் சொல்கிறது. ஆலை இறங்கிவந்தது, கூலி உயர்ந்தது. வெளிப்படையான எதிர்ப்பு வென்றது!

அந்த வெற்றியைக் கெடுக்க வருகிறவனுக்கும் ஆங்கிலத்தில் பெயருண்டு. 'பிளாக்லெக்' என்பார்கள். தமிழ்த் தொழிலாளி அவனைக் கருங்காலி என்கிறான். கருங்காலி என்பது வைரம் பாய்ந்த மரம். மரத்தை வெட்டும் கோடாரிக்கு மரமே காம்பாவதுபோல, தொழிலாளியை வெட்டத் தொழிலாளியே கருவியாகிறான் அல்லவா? ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல் ஆழமாகவே பாய்கிறது!

'சபோட்டாஜ்' என்ற சொல்லுக்கு வருவோம். தொழிலாளர்கள் தங்கள் மரச்செருப்பை எந்திரத்துக்குள் வீசியதால் அது பிறந்தது என்று கதை கட்டுவார்கள். கதைக்குச் சான்று இல்லை. மரச்செருப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் அடியாகப் பிறந்தது என்பது மட்டுமே உறுதி. யாருக்கும் தெரியாமல் வேலையைக் கெடுப்பதே அதன் பொருள். வாசலில் நின்று வாய் திறந்து மறுத்தவர் எதை மறைத்தார்? எதைக் கெடுத்தார்? 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோர் வெந்து மடிந்தார்களே, மறந்தா போயிற்று? வெடிமருந்து அறையிலே ஐந்தாவது ஆளாக உட்கார மறுத்தவர் நான்கு உயிர்களைத் தாங்கினார். நால்வர் அறைக்குள் ஐவரைத் திணித்தவரல்லவா ஆலைக்கு அடியில் குழி பறித்தவர்!

இதே திருத்தங்கலுக்கு ஒரு பழங்கதை உண்டு. இளங்கோவடிகள் சிலம்பிலே அதைப் பாடிவைத்தார். தங்கால் என்னும் இவ்வூர் வார்த்திகன் என்பவன், பரிசாக வந்த அணிகலனை வைத்திருந்தான். அதிகாரிகள் அவனைத் திருடன் என்று சிறையிலிட்டார்கள். அவன் மனைவி கார்த்திகை கதறினாள். மதுரையில் கொற்றவை கோயில் கதவு திறக்க மறுத்தது. காரணம் கேட்டறிந்த பாண்டியன் வார்த்திகனை விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, ஊரையே கொடுத்தான். கதவும் திறந்தது. கதவு தானே மூடுமா என்று பகுத்தறிவாளன் கேட்பான்; கேட்கட்டும். கவிஞன் சொல்ல வந்ததைப் பாருங்கள். அரண்மனையில் இருந்தோரெல்லாம் ஆமாம் போட்டார்கள். மூடிய கதவு ஒன்றுதான் மன்னனின் செங்கோலைக் காத்தது!

கதை வேண்டாம், வரலாறு வேண்டுமென்றால் விருதுநகருக்கு வாருங்கள். சங்கரலிங்கனார் காந்தியார் வழி நடந்தவர், காங்கிரசுக்காரர். ஆட்சியில் இருந்ததும் காங்கிரசு. முதலமைச்சரும் அதே விருதுநகர் தந்த காமராசர். ஆனாலும் 12 கோரிக்கைகளை வைத்து, 1956 சூலை 27-இல் அந்தப் பெரியவர் உண்ணாநோன்பு தொடங்கினார். தமிழ்நாடு என்று பெயர் சூட்டுக என்பதும் அவற்றுள் ஒன்று. எழுபது நாட்களைக் கடந்தும் தளராமல், அக்டோபர் 13-இல் உயிரையே தந்தார். தன் கட்சிக்கு அவர் பகைவரா? இல்லை! எதிரே நின்றார்; ஆனால் தமிழ் மண்ணைத் தாங்கினார். 1967 சூலை 18-இல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 சனவரி 14 முதல் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது.

கட்சித் தோழர்களுக்கும் ஒரு சொல். கூட்டத்தில் எழுந்து, "இது தவறு" என்று சொல்கிறவனை உடனே துரோகி என்று முத்திரை குத்தாதீர்கள். மாலை போட்டுவிட்டு, மேடையைவிட்டு இறங்கியதும் மண்வெட்டி எடுக்கிறவனைத் தேடுங்கள். முன்னவன் தூணாகக் கூடும். பின்னவன் ஒருநாளும் ஆகமாட்டான்.

தேநீர்க் கடைப் பலகையிலேயே பதில் எழுதினோம். சபோட்டாஜ் என்ற சொல்லை மறுத்தோம்; அப்போஸ் என்ற சொல்லை ஏற்றோம். "விதியை மீறச் சொன்னதை நேருக்கு நேர் எதிர்த்தேன்; இனியும் எதிர்ப்பேன்" என்று எழுதி, கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார் தோழர். சங்கத்துக்கு ஒரு படி, ஆய்வாளருக்கு ஒரு படி.

அடுத்த முறை உங்கள் கைக்கு ஆங்கிலத் தாள் வந்தால் அஞ்சாதீர்கள். உங்களுக்கு எந்தச் சொல்லைச் சூட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். தவறான சொல்லைத் திருப்பிக் கொடுங்கள்!