கொழுந்துக்குக் காத்தோட்டம், எங்களுக்குத் தகரம்

ஒவ்வொரு வெயில் காலத்துலயும் ஒரு பட்டியல் பத்திரிகையிலும் வாட்ஸ்அப்பிலும் சுத்தி வரும். வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எப்படி? எதிரெதிர் சன்னல்களைத் திறந்து விடுங்கள். மேற்குப் பக்கம் ஒரு மரம் நடுங்கள். கூரைக்கு வெள்ளை அடியுங்கள். மதிய வெயிலில் வெளியே போகாதீர்கள். நல்ல யோசனைகள்தான், ஒண்ணும் பிழையில்ல. பசறை, லுணுகலை, ஹாலி-எலப் பக்கத்துத் தோட்டங்கள்ல பிறந்து இப்ப கலைப்பீடத்துல படிக்கிற நாங்க, போன விடுமுறையில இந்தப் பட்டியலை லயத்துல வச்சு ஒவ்வொண்ணாச் சரிபார்த்தோம்.

அதுக்கு முன்ன ஒரு விசயம். "மலையகமா? அங்க குளிர்தானே?" என்று கம்பஸில் கேட்காத ஆளில்லை. நுவரெலியாவைப் பார்த்துட்டு வந்து மொத்த மலையகத்துக்கும் ஸ்வெட்டர் போட்டு விடுறாங்க. பதுளை நகரம் சுமார் 680 மீற்றர் உயரத்துலதான் இருக்கு. தென்மேற்குப் பருவக்காத்து மழையை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு, காஞ்ச காத்தா ஊவாவுக்குள்ள இறங்குது. அதுதான் கச்சான். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் அந்தக் காத்துல தேயிலைக்கு ஒரு தனி வாசம் ஏறும். கொழும்பு ஏலத்துல ஊவா சீசன் தேயிலைக்கு நல்ல விலை அதனாலதான். அதே காத்துலதான் பீலித் தண்ணி நூலாகும், லயத்துத் தகரம் கொதிக்கும். தேயிலை ருசியைப் பத்தி எழுதுறவங்க யாரும் அந்தத் தகரத்துக்குக் கீழ உட்கார்ந்து எழுதினதாத் தெரியல.

சரி, பட்டியலுக்கு வருவோம். எதிரெதிர் சன்னல். எங்கட லயம் இரட்டை லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிரா, முன்னால ஒரு இஸ்தோப்பு, ஒரு கதவு, ஒரு சின்னச் சன்னல். பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். காத்து உள்ள வந்தா வந்த வழியாத்தான் திரும்பிப் போகணும். காத்தோட்டம்னா என்னன்னு தெரியாம கட்டினதில்ல இது. பக்கத்து பெக்டரியைப் பாருங்க. கொழுந்து வாட்டுற மாடி முழுக்க வரிசையா சன்னல். இலை வதங்கக் காத்து குறுக்கே போகணும்னு வெள்ளைக்காரத் துரைமாருக்கு நல்லாவே தெரிஞ்சிருந்தது. லிப்டன் 1890-ல் கட்டின தம்பேதன்னை பெக்டரி இன்னைக்கும் ஹப்புத்தளையில நிக்குது, போய்ப் பார்க்கலாம். இப்பவெல்லாம் கொழுந்துக்குக் கீழே மின்விசிறியே ஓடுது. கொழுந்து ஒரு ராத்திரி தங்குற இடத்துக்கு யோசிச்ச மூளை, ஆள் ஆயுள் பூரா தங்குற இடத்துக்கு யோசிக்கல.

மரம் நடணும். தேயிலைச் செடிக்கு நிழல் மரம் உண்டு, மலை பூரா வரிசையா நிக்குது. லயத்துக்கு நிழல் வேணும்னா? காணி அரசாங்கத்துது, குத்தகை கம்பனிக்கு. நாங்க நட்ட கண்டு வளர்ந்தா அது யாருக்கு? நாலு தலைமுறையா இருந்தும் பதில் இல்ல.

வெள்ளை அடிக்கிறது சுகமான வேலைன்னு நினைச்சோம். 2017-ல் அகமதாபாத்தில் சேரிப் பகுதிக் கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடிச்சாங்க. தெலுங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கையே கொண்டு வந்திருக்கு. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிடும், தகரம் அவ்வளவு சுடாது. விலையும் குறைவு. எங்கள்ல ஒருத்தரோட அப்பாயி வீட்டுக் கூரையில ரெண்டு பேர் ஏறி சுண்ணாம்பு அடிச்சோம். மறுநாள் தோட்டத்து ஐயா ஒருத்தர் வந்து கேட்டது ஒரே கேள்வி: "யாரைக் கேட்டு ஏறினீங்க?" அப்பாயி அதுவரைக்கும் சாக்கை நனைச்சு உள்ளே கட்டித்தான் சமாளிச்சா. அதுக்கு யாரையும் கேக்கத் தேவையில்லையே!

தகரம் உக்கிப் போனா மாத்துறாங்களான்னு கேட்டா, மாத்தும்போது வாறது பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ். 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்குல ஒரு வண்டு கிடந்ததுன்னு ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தினது. அஸ்பெஸ்டஸை விக்கிறதுல பெரிய நாடும் ரஷ்யாதான். சில நாளுக்குள்ள இங்க அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு கைவிடப்பட்டது, அங்க தேயிலைத் தடையும் நீங்கினது. எங்க தலைக்கு மேல என்ன கூரைங்கிறதை அன்னைக்கு ஒரு வண்டு தீர்மானிச்சது. அந்தப் பேச்சுவார்த்தையில லயத்து ஆள் யாரும் இருக்கல.

மதியம் வெளியே போகாதீங்க என்ற கடைசி யோசனையை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினோம். "கிலோ குறைஞ்சா அரைப் பேர் போடுவாங்களே, அதுக்கு உங்க பேப்பர்ல என்ன எழுதியிருக்கு?" என்றார்.

மழை சீக்கிரமாக் கொல்லும், அதனால செய்தியாகும். 2014 ஒக்டோபர் 29-ல் மீரியபெத்தையில மலை சரிஞ்ச பிறகுதான் கொஸ்லந்தைங்கிற பேரே நாட்டுக்குத் தெரிய வந்தது. வெயில் அப்படியில்ல. மலையில மயங்கி விழுந்த அக்காவுக்கு "பிரசர்" என்று எழுதிட்டுப் போயிடுவாங்க.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடு தருவதாச் சொன்னார். கட்டட்டும், சந்தோசம். ஆனா எத்தனை வீடு என்பதையே எண்ணிக்கிட்டு இருக்கிற எங்க அரசியல்வாதிகள்கிட்ட நாங்க கேக்குறது வேற. அந்த வீட்டுக்கு எதிரெதிர் சன்னல் இருக்கா? கூரை எதுல? 7 பேர்ச்சஸுக்கு உறுதி எப்ப கையில வரும்? உறுதி இருந்தா மரம் நாங்களே நடுவோம், சுண்ணாம்பும் நாங்களே வாங்குவோம். அதுவரைக்கும், இருக்கிற ஒவ்வொரு லயத்துக் கூரைக்கும் ஜூலை பிறக்க முன்னம் கம்பனி செலவுல வெள்ளை அடிக்கணும். அப்பாயி வீட்டுக் கூரை பாதியில நிக்குது. மிச்ச சுண்ணாம்பு வாளி இஸ்தோப்புலதான் இருக்கு.